ஏற்றத்தில் எழுந்த ஓசை

எமது வீட்டில் அடுப்பெரிவது ஒரு மொறிஸ் மைனர் காரின் உழைப்பினாலேயே. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான அவ்வினத்தில், எமது கார் அறுபதுகளைச் சேர்ந்தது. கலஹாவைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து நோயாளரையும் பிரசவத்துக்குச் செல்லும் தாய்மாரையும் பேராதனை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதே அப்பாவின் தொழில்.

2022ஆம் ஆண்டு, பல்கலைக்கழக அனுமதிக்காக நான் வீட்டிற் காத்திருந்த வேளை, ஏற்றங்களில் அக்கார் விசித்திரமானதோர் ஓசை எழுப்பத் தொடங்கிற்று. தகரப் பேணியிற் சில்லறை குலுங்குவது போன்ற ஓசை அது.

"அப்பா, எஞ்சின் தட்டுதே" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார்.

எஞ்சினோடு கழிந்த ஆண்டுகள் அவருடைய செவியை மந்தமாக்கியிருந்தன என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

தீப்பொறி மூட்டிய சுவாலை உருளை முழுவதும் பரவுமுன், எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானாகவே பற்றி வெடிப்பதுதான் இத்தட்டல். அது நீடித்தால் முசலமே பழுதாகிவிடும். காரணங்களோ பல: தீப்பொறி உரிய வேளைக்கு முந்துதல், ஒக்டேன் குறைந்த எரிபொருள், பெற்றோல் குறைந்த கலவை, காபன் படிவு, மிகைவெப்பம்.

நாங்கள் நாடிய கராஜில் கலவையையே குற்றவாளியெனத் தீர்ப்பளித்து, காபரேட்டரின் அடியிலுள்ள நட்டைத் திருகிப் பெற்றோலைக் கூட்டினார்கள். தட்டல் சற்றுத் தணிந்தது. ஆயின், கார்களுக்கு வாரம் 20 லீற்றரே பங்கிடப்பட்ட அக்காலத்தில், எமது பங்கு நான்கு நாட்களில் தீர்ந்துபோயிற்று. ஓரிரவு, காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு வந்த தாயொருத்தியை, பெற்றோல் இல்லையென்று அப்பா திருப்பியனுப்ப நேர்ந்தது. அயலவரின் முச்சக்கரவண்டியிற் சென்று குழந்தை பிழைத்துக்கொண்டது. எனினும், அப்பா அன்றிரவு உண்ணவில்லை.

மறுநாட் காலை நாங்களே சோதனையில் இறங்கினோம். பிளக்குகளைக் கழற்றினோம்; நான்கிலும் கருமையான புகைக்கரி. காபரேட்டரின் முசலத்தை மயிரிழையளவு உயர்த்தியபோது எஞ்சினின் வேகம் கூடி, அவ்வாறே நின்றது. இரண்டும் பெற்றோல் மிகுதிக்கே சான்று. முசலத்தை உயர்த்துகையில் வேகம் கணநேரம் கூடிப் பின் பழைய நிலைக்குத் திரும்பும்வரை நட்டைத் திருகினோம். கலவை சீராயிற்று, தட்டலோ முன்னிலும் உரத்து எழுந்தது!

"அப்ப டைமிங்தான் பிழை" என்றார் அப்பா.

அவர் கூறியது மெய்யே. டிஸ்ரிபியூட்டரை இறுக்கும் ஆணி தளர்ந்து, தீப்பொறி முந்திவிட்டிருந்தது. மிகையான பெற்றோல் எரிதலின் வெப்பத்தைத் தணித்து நோயை மறைத்ததேயன்றி, அதைத் தீர்க்கவில்லை. டிஸ்ரிபியூட்டரைச் சிறிது பின்னோக்கித் திருப்பினோம், தெல்தோட்டைப் பக்கமாக ஏறினோம், நான் செவிமடுத்தேன், மீண்டும் திருப்பினோம். நான்காவது ஏற்றத்தில் ஓசை நின்றது, இழுவையும் குன்றவில்லை.

நோயையும் அதன் முதலையும் நாடிய பின்னரே தணிக்கும் வழியை நாடச் சொன்னார் வள்ளுவர். அவ்வரிசை மாறினால் என்ன நேருமென்பதைத் திருப்பியனுப்பப்பட்ட அந்தத் தாயின் முகத்திற் கண்டேன். இன்று கலைப்பீடத்தில் ஒரு கேள்விக்கு விரைந்து விடைகாண முற்படும்போதெல்லாம் அம்முகம் என்னைத் தடுத்து நிறுத்துகின்றது.

விடுமுறைக்கு வீடு செல்லும்போது, ஏற்றம் வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பி, "கேக்குதாம்மா?" என வினவுவார். தமக்குக் கேட்பதில்லை என்பதை அவர் இப்போது மறைப்பதில்லை.