வீட்டு போனை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?



இரண்டு மாதமாக உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "சார், வீட்டு நம்பர் இன்னும் இருக்கா?" உறவுக்காரர்கள் அதையே வேறு மாதிரி கேட்கிறார்கள். "இன்னுமா அந்த லேண்ட்லைனை வச்சிருக்கீங்க?" தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கணக்கு வாத்தியார் விடையை மட்டும் எழுதினால் மார்க் போட மாட்டார், வழிமுறையும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

முதலில் விஷயம். எங்கள் தெருவுக்கு வரும் பழைய செப்புக் கம்பி இணைப்புகளை எடுத்துவிட்டு, கண்ணாடி இழைக்கு, அதாவது ஃபைபருக்கு மாற்றுகிறார்கள். வேண்டுமென்றால் அதே எண்ணோடு மாறிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் கருவியை ஒப்படைத்துவிட்டு வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். யோசிக்க ஒரு மாதம் இருந்தது.

சென்னையில் இருக்கும் மகன் உடனே சொல்லிவிட்டான். "சரண்டர் பண்ணிடுங்கப்பா. வீட்ல ரெண்டு செல்போன் இருக்கு. இது எதுக்கு?" பெங்களூரில் இருக்கும் மகள், "இருந்துட்டுப் போகட்டுமே, அந்த நம்பர் நம்ம வீட்டு அடையாளம்" என்றாள். இரண்டும் எனக்குப் போதவில்லை. ஒருவர் செலவைப் பார்க்கிறார், ஒருவர் நினைவைப் பார்க்கிறார். தேவையை யாராவது பார்க்க வேண்டுமே.

நினைவுக்கு ஒன்றும் குறைவில்லை. மன்னார்குடியில் எங்கள் தெருவில் 1996-இல் போன் வந்த மூன்றாவது வீடு எங்களுடையது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அதற்கு முன்பு வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் தபால் ஆபீஸில் டிரங்க் கால் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், ஏ.சி. வசதி இல்லாமலே நம் ஊர் வெயிலைத் தாங்கும் சிறிய தானியங்கி எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்தது. அதற்குப் பிறகுதான் கிராமங்களுக்கும் போன் வரத் தொடங்கியது. இதை வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள்.

எங்கள் எண் எங்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. ஏழு வீட்டுக்கு அதுதான் பி.பி. நம்பர். கல்யாணப் பத்திரிகையில்கூட 'பி.பி.' என்று போட்டு எங்கள் எண்ணை அச்சடித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து போன் வரும். "பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க, கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு என் மகன் ஓடுவான். பிளஸ் டூ ரிசல்ட் நாளில் உங்களில் பாதிப் பேர் அந்த போனைச் சுற்றித்தான் நின்றிருந்தீர்கள். 2000 அக்டோபர் 1-இல் பி.எஸ்.என்.எல். உருவானபோது பில்லின் தலைப்பு மாறியது. பின்னர் எண்ணுக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்தது. மற்றபடி அதே எண்தான்.

ஆனால் பழசு என்பதற்காக ஒன்றை வைத்துக்கொள்வதென்றால் என் வீட்டில் சைக்கிள், டைப்ரைட்டர், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் இருந்திருக்க வேண்டும். எதுவும் இல்லை. 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்தினார்கள். எல்லாரும் வருத்தப்பட்டோம், மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து காப்பி குடித்தோம். ஆகவே நினைவை ஒரு பக்கம் வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

முப்பது நாள் கணக்கு எழுதினேன். வீட்டு போனுக்கு வந்த அழைப்புகள் 47. கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வந்தவையும் பதிவு செய்த குரல்களும் 19. தவறான எண் 6. வேதாரண்யத்தில் இருக்கும் என் அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டது 15. பழைய மாணவர்கள் 4. மற்ற உறவினர்கள் 3. மாத வாடகை வரியோடு சுமார் 300 ரூபாய், வருஷத்துக்கு 3,600. இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் மகன் சொன்னதுதான் சரி. அக்காவுக்கு என் செல் நம்பரை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டால் கணக்கு முடிந்தது.

அடுத்த பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. இங்கிருந்து வெளியே கூப்பிட்டவை 22. அதில் இரண்டுதான் என்னுடையவை. மீதி 20 என் துணைவியார் கூப்பிட்டவை.

உங்களில் பலருக்கு அவர் கையால் சாப்பிட்ட ஞாபகம் இருக்கும். அவருக்குச் சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்து நான்கு வருஷமாகிறது. லேசர் சிகிச்சை செய்தோம். இருக்கும் பார்வை மேலும் போகாமல் காப்பதற்குத்தான் அது, போனதைத் திருப்பிக் கொண்டுவராது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். வெளிச்சம் தெரியும், ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. டச் போன் அவருக்கு வெறும் கண்ணாடிச் சில்லு. எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கிறது.

வீட்டு போனில் 5 என்ற பட்டனின் மேல் ஒரு சிறு புள்ளி மேடாக இருக்கும். பலர் கவனித்திருக்க மாட்டீர்கள், இப்போது தடவிப் பாருங்கள். அந்தப் புள்ளியில் விரலை வைத்துவிட்டால் மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. மற்ற எண்கள் தானாக வந்துவிடும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும் என்றார்கள். ஒரே வாரத்தில் அதையும் அவர் விரல் பழகிவிட்டது.

"பட்டன் உள்ள செல்போனிலும் அந்தப் புள்ளி உண்டே சார்" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. அப்படி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. ஆனால் செல்போன் வைத்த இடத்தில் இருப்பதில்லை. சமையலறை மேடை, பூஜை அலமாரி, தலையணைக்கு அடியில் என்று மாறிக்கொண்டே இருக்கும். சார்ஜ் தீர்ந்துவிட்டதா என்பதும் அவருக்குத் தெரியாது. வீட்டு போன் சுவரோடு கட்டிப்போட்டது. கட்டிலிலிருந்து பதினோரு அடி நடந்தால் ஸ்டூல், அதன் மேல் போன். பார்வை உள்ளவர்களுக்குப் பொருள் எங்கேயும் நகரலாம், தேடிக்கொள்வோம். பார்வை குறைந்தவருக்கு ஒரு பொருள் இருந்த இடத்திலேயே இருப்பதுதான் பெரிய உதவி.

போன வருஷம் ஒருநாள் நான் ஓய்வூதியர் நேர்காணலுக்காகக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். அவருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வேர்த்துக் கொட்டியிருக்கிறது, கை நடுங்கியிருக்கிறது. செல்போன் எங்கே என்று தேடும் நிலையில் அவர் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பதினோரு அடி நடந்து பக்கத்து வீட்டுக்கு அடித்திருக்கிறார். அந்த அம்மா சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் வரும்போது இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் ஃபைபருக்கு மாறிவிட வேண்டியதுதானே? அங்கேதான் ஒரு சிக்கல்.

செப்புக் கம்பியில் பேச்சோடு மின்சாரமும் வந்தது. எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் அதே கம்பி வழியாக வீட்டுக்கு வரும். அதனால்தான் கரண்ட் போனாலும் போன் வேலை செய்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததே, அப்போது எங்கள் தெருவில் 12 நாள் மின்சாரம் இல்லை. செல்போன்கள் இரண்டாம் நாளே செத்துவிட்டன, டவரும் இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் கேபிள் பூமிக்கடியில் வந்ததால் தப்பியது. முதல் சில நாள்கள் தெருவே எங்கள் வீட்டில் வரிசையில் நின்று, "நல்லா இருக்கோம், ஓடு மட்டும் போச்சு" என்று பிள்ளைகளுக்குச் சொன்னது. பி.பி. காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கண்ணாடி இழையில் போவது ஒளி. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. அதனால் வீட்டில் பொருத்தும் பெட்டிக்கு நாம்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். கரண்ட் போனால் பெட்டி அணையும், போனும் அணையும். சொல்லக் கேட்டு நம்பாமல் சோதித்துப் பார்க்க விரும்பினேன். எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் ஃபைபர் இருக்கிறது. அங்கே போய் மெயினை அணைக்கச் சொல்லி ரிசீவரை எடுத்தேன். டயல் டோன் இல்லை. பிறகு அவர் தன் கடையிலிருந்து அந்தப் பெட்டிக்கென்றே விற்கும் 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மறுபடி அணைத்தோம். மூன்றே கால் மணி நேரம் தாங்கியது. விலை 1,500 ரூபாய். எங்கள் ஊரில் வழக்கமான மின்வெட்டுக்கு அது போதும், கஜாவுக்குப் போதாது.

இவ்வளவையும் மகனிடம் போனில் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, நான் சொன்னது போனுக்காக மட்டும் இல்லப்பா. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடணும்னுதான்" என்றான். எனக்கும் அது தெரியும். எனக்கு வயது 74. நான் வெளியே போகும் இரண்டு மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்வது சுலபம். நான் திரும்பி வராத வெளிப்போக்கு ஒன்று என்றாவது இருக்கிறது. அவன் யோசித்தது அதைத்தான். வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

துணைவியாரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, அவர் கருத்தைக் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "எனக்குப் போன்தான் வேணும்னு இல்லீங்க. நான் கூப்பிட்டா யாராச்சும் வரணும். அதுக்கு எது சரியோ அதை வைங்க. சென்னைல மூணாவது மாடில எனக்கு யாரைத் தெரியும்? இங்க பக்கத்து வீட்ல இருமினா எனக்கு யாருன்னு தெரியுது. ஒரு வருஷம் பார்ப்போம்."

முப்பது நாள் நோட்டில் நான் எழுதாமல் விட்ட பத்தி அது. போன் எந்தக் கம்பியில் வருகிறது என்பதைவிட, மறுமுனையில் எடுப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதுதான் முக்கியம்.

ஆக முடிவு: போன் இருக்கும். அதே எண்ணோடு ஃபைபருக்கு மாறிவிட்டோம். பெட்டிக்கு யு.பி.எஸ். மாட்டியாயிற்று, ஸ்டூல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பட்டன் செல்போனை ஒரு கயிற்றில் கோத்துக் கட்டில் காலில் கட்டிவிட்டேன், இரவு சார்ஜ் போடுவது என் வேலை. பக்கத்து வீடு, தெருமுனை ஆட்டோக்காரர் (அவரும் நம் மாணவர்தான்), டாக்டர் கிளினிக் ஆகிய மூன்று எண்களும் 108-ம் அவர் விரலில் ஏறிவிட்டன. ஞாயிறுதோறும் ஒருமுறை பழகிப் பார்க்கிறோம். ஒரு வருஷம் கழித்து மகனோடு உட்கார்ந்து மறுபடி பேசுவோம். அவன் ஒப்புக்கொண்டான்.

உங்கள் பெற்றோர் வீட்டிலும் இதே கேள்வி வரும். வேண்டாம் என்று முடிவானால் விண்ணப்பம், கடைசி பில், அடையாள அட்டை நகல், கருவி ஆகியவற்றோடு போய் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அதற்கு முன்பே வங்கி, எல்.ஐ.சி., கேஸ் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். வேண்டும் என்று முடிவானால் ஒரு நாள் மெயினை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துப் பாருங்கள். எதுவானாலும், வீட்டில் பகலில் தனியாக இருப்பவர் யாரோ அவரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பர் போடச் சொல்லுங்கள். உங்கள் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

எங்களைக் கூப்பிட நினைப்பவர்கள் காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். நான்கைந்து முறை அடித்ததும் வைத்துவிடாதீர்கள். முழுதாக அடிக்கட்டும். அம்மா சுவரைத் தொட்டு நடந்து வர வேண்டும். எடுத்ததும் உங்கள் பெயரையும் எந்த வருஷ செட் என்பதையும் சொல்லுங்கள். குரலை வைத்தே நீங்கள் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதைக்கூட அவர் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்