ஞானஸ்நான ஏட்டின் முன்னே

அயர்லாந்தில் சகலருடைய பிறப்பு, விவாகம், மரணங்களையும் அரசாங்கம் பதியத் தொடங்கிய 1864க்கு முன்பே அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்ட மூதாதையரைத் தேடுவோருக்கு, 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பழைய குடிக்கணக்குகளில் பெரும்பகுதி சாம்பலான பின், மாதாகோயில் ஞானஸ்நான ஏடுகளே பிரதான ஆதாரம். தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் அத்தகைய ஏடொன்றை நேற்றிரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்: மங்கிய மசியில் ஜேம்ஸ் லத்தீனில் யாக்கோபுஸ் ஆகியிருக்க, பக்கத்தில் ஞானப்பெற்றோரின் பெயர்கள்.

ஆனால் பங்கின் பெயர் தெரியாமல் ஏட்டைத் திறந்து பயனில்லை. அமெரிக்கப் பதிவுகளோ பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்பதோடு நின்றுவிடும். அந்தப் பெயரைச் சிலருக்கேனும் கொடுப்பவை, 1831 முதல் பாஸ்டன் பைலட் பத்திரிகையில், பிரிந்துபோன சகோதரனைத் தேடி, அவன் பிறந்த பங்கையும் கப்பலேறிய வருஷத்தையும் குறித்து உறவினர் கொடுத்த விளம்பரங்கள். அவற்றை வாசிக்கையில் நெஞ்சு கனக்கிறது.