கேட்க வெட்கப்பட வேண்டாம்

சாமான் விலை ஏறினால் யாரும் நமக்கு வந்து சொல்லத் தேவையில்லை. கடையில் காசை நீட்டும்போதே தெரிந்துவிடும். பிள்ளைக்குப் போடும் தடுப்பூசி, மாறிப்போன பரீட்சைத் திகதி, உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், கடலில் உருவாகும் புயல் ஆகியவை அப்படியல்ல. இவற்றை நாமே தேடிப் போக வேண்டும். நாள் முழுக்க வேலையில் நிற்கிற தாய் தகப்பனுக்கு அந்த நேரம்தான் இல்லை.

என் கணவருக்குச் சீனன்குடா மாவு ஆலையில் ஷிஃப்ட் வேலை. எனக்குத் திருகோணமலை நகரத்தில் ஒரு பாமசியில் வேலை. வீட்டில் ஒரு மகன், ஒரு மகள். போனில் வட்ஸ்அப் குழுக்கள் நிறைய. காலை வணக்கப் படங்களுக்கும் கோயில் திருவிழாப் படங்களுக்கும் நடுவில் பள்ளிக்கூட அறிவித்தல் எங்கோ கிடக்கும். சில நாட்களில் அதுவும் சிங்களச் சுற்றறிக்கையின் மங்கலான படமாகத்தான் வரும்.

மற்றத் தாய்மாரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. “பெற்ற பிள்ளையின் விஷயம்கூட இவளுக்குத் தெரியவில்லை” என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் வருடக்கணக்கில் என் வாயைக் கட்டிப்போட்டது.

2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத் திட்டம் வந்தது. பெயர்ப் பட்டியல் வெளியானது. பெயர் விடுபட்டவர்கள் குறித்த திகதிக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். எங்கள் தெருவில் மீன் விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு அக்கா இருக்கிறார். விடியுமுன் கடற்கரைக்குப் போனால் வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்புவார். பாமசிக்கு மருந்து வாங்க வந்தவர் பேச்சுவாக்கில் என்னிடம் கேட்டுத்தான் மேன்முறையீடு என்று ஒன்று இருப்பதையே அறிந்தார். பிரதேச செயலகத்துக்கு ஓடி எழுதிக் கொடுத்தார். மூன்று பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு ஒரு பேச்சுவாக்கை நம்பிக் கிடந்ததை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வருடம் எங்கள் வீட்டு முறை. 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை என் மகளும் எழுதினாள். சில கேள்விகள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்று சர்ச்சை எழுந்தது. நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பெற்றோர் தவித்தோம். மறுபடியும் பரீட்சை என்று காலையில் ஒரு செய்தி வரும், இல்லை என்று மாலையில் இன்னொன்று வரும். “திரும்பவும் படிக்கவா அம்மா?” என்று மகள் கேட்கும்போது என்னிடம் பதில் இருக்காது. வெளியான 3 கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்க வேண்டும் என்று டிசம்பர் 31ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதுதான் அந்த அலைச்சல் ஓய்ந்தது.

இடைப்பட்ட அந்த மாதங்களில்தான் என் கூச்சம் உடைந்தது. மகளின் வகுப்புப் பிள்ளை ஒருவரின் தாயிடம், “அக்கா, இது உண்மையா? உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டேன். “எனக்கும் தெரியாது தங்கச்சி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் நான் இருந்தனான்” என்றார். ஒருவருக்குத் தெரிந்திருக்கும் என்று மற்றவர் நம்பி, கேட்காமலே இருந்திருக்கிறோம்.

பிறகு சில தாய்மார் சேர்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருவர் கல்வி அமைச்சு, பரீட்சைத் திணைக்களம் ஆகியவற்றின் அறிவித்தல்களைப் பார்ப்பார். ஒருவர் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு வருவார். ஒருவருக்கு வானிலை. கிளினிக், தடுப்பூசி என் பங்கு. யாருக்கு, என்ன செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள், சொன்னது யார் என்ற நான்கும் இல்லாத எதையும் அனுப்புவதில்லை. வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் குரல் பதிவு. போனே இல்லாத வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சொல்ல வேண்டும்.

2025இல் மகள் தரம் 6க்கு வந்தாள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2017 முதல் நம் நாட்டில் தரம் 6 மாணவிகளுக்குப் போடப்படுகிறது. “இதைப் போட்டால் பிற்காலத்தில் பிள்ளை தங்காது” என்ற கதை பெற்றோரிடையே பரவியது. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டேன். அது பொய் என்று அவர் விளக்கியதைக் குரல் பதிவாக்கி எல்லாருக்கும் அனுப்பினேன். தயங்கி நின்ற தாய்மார் சம்மதித்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் டித்வா புயல் வந்தது. மகன் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். நவம்பர் 27 முதல் பரீட்சை நிறுத்தப்பட்டது. அடுத்த நாள் புயல் கரையைத் தொட்டது. பின்னர் மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம். எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியே வந்தன என்று நாடெங்கும் குறை எழுந்தது. மின்சாரம் போய், போன்களில் சார்ஜ் இறங்கியபோது, வானிலைக்குப் பொறுப்பானவர் வீட்டுப் பற்றரி ரேடியோவில் கேட்டதை நான்கு வீடுகளுக்குச் சொன்னார். அந்த நான்கு வீடுகளும் மற்ற வீடுகளுக்குச் சொன்னன.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாகக் கடல் வந்தபோது இந்தக் கரைக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இன்று அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது, அரசாங்கத் தகவலுக்கு 1919 இருக்கிறது. இவை இருந்தும் ஒரு தாய்க்குச் செய்தி போய்ச் சேராவிட்டால் யாருக்கு என்ன பயன்? அதிகாரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சிங்களத்தில் வரும் அறிவித்தல் அதே நேரத்தில் தமிழிலும் வரட்டும்.

பெற்றோரிடம் கேட்பது இன்னும் சுலபமானது. உங்கள் பிள்ளையின் வகுப்பில் இன்னும் மூன்று தாய் தகப்பன்மாரோடு இந்த வாரமே பேசுங்கள். எதை யார் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தெரியாததைக் கேளுங்கள். தெரிந்ததை, கேட்காதவருக்கும் போய்ச் சொல்லுங்கள்.