விசிறியின் இரைச்சலும் எழுத்தின் மூச்சும்



குர்ஆன் ஓதும் பாடங்களை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து, தொலைவிலுள்ள மாணவர்களுக்கு அனுப்புவது இன்று பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கதவையும் சன்னலையும் அடைத்து, சுவரில் கனத்த திரையைத் தொங்கவிட்டு, கூரை விசிறியையும் நிறுத்திய பிறகும் ஓர் இரைச்சல் அறைக்குள் எஞ்சுகிறது. ரேக்கில் அடுக்கிய கணினி, ஆம்ப்ளிஃபயர் முதலியவற்றைக் குளிர்விக்கும் சிறு விசிறிகளின் இரைச்சல் அது. அதைக் குறைப்பது குறித்து நாம் அறிந்ததையும் செய்து கண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

இவ்வளவு சிறிய ஒலிக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். அரபு எழுத்துகளுள் பத்துக்கு 'ஹம்ஸ்' என்னும் தன்மை உண்டு. அவற்றை மொழியும்போது மூச்சு தடையின்றி வெளியேறும். தமிழில் 'கல்ப்' என்று ஒரே விதமாக எழுதப்படும் இரு அரபுச் சொற்களை நோக்குவோம். ஒன்றின் பொருள் இதயம்; மற்றொன்றின் பொருள் நாய். முதற்சொல்லின் 'காஃப்' அடிநாக்கின் கடைசியில் பிறக்கிறது. அதில் மூச்சு ஓடாது. இரண்டாம் சொல்லின் 'காஃப்' சற்று முன்னே பிறக்கிறது; அதில் மூச்சு ஓடும். விசிறியின் இரைச்சலும் காற்றின் ஓசையே ஆதலால், அது முதலில் மூடி மறைப்பது இந்த மெல்லிய மூச்சைத்தான். விசிறி ஓடும் நிலையில் பதிந்த ஒரு மாதிரியை வகுப்பில் ஒலிக்கச் செய்தபோது, "உஸ்தாத், இது எந்த ஹா?" என்று பிள்ளைகள் கேட்டனர். நேரில் ஓதும்போது அவர்கள் ஒருபோதும் அப்படிக் கேட்டதில்லை.

பதிவு முடிந்தபின் மென்பொருளால் இரைச்சலை நீக்கிவிடலாமே என்பர். அம்மென்பொருள் இரைச்சலின் சாயலை அறிந்துகொண்டு, அச்சாயலில் உள்ள மெல்லிய ஒலிகளைக் கழிக்கிறது. எழுத்தின் மூச்சும் அதே சாயலுடையது. எனவே இரைச்சலோடு மூச்சும் போய்விடுகிறது. பேச்சுக்கு இது பெரிய இழப்பன்று, ஓதலுக்கோ இழப்புத்தான். ஆகவே இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும்.

அது பிறக்கும் விதத்தை முதலில் அறிவோம். ரேக்கின் ஓர் அடுக்கு, அதாவது 1 யூ, 1.75 அங்குல உயரமே உடையது. ஏறத்தாழ 44 மில்லிமீட்டர். அதனுள் 40 மில்லிமீட்டர் விசிறிக்கு மேல் நிற்க இடமில்லை. சிறிய விசிறி போதிய காற்றைத் தள்ள வேண்டுமாயின் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல வேண்டும். அதனால்தான் கீச்சென்ற ஓசை எழுகிறது. நான்கு அடுக்கு உயரமுள்ள பெட்டியில் 120 மில்லிமீட்டர் விசிறி நிற்கும். அது ஆயிரத்துக்கும் குறைந்த சுற்றுகளிலேயே வேண்டிய காற்றைத் தந்துவிடும். ரேக் கணினி வாங்க எண்ணுவோர் நான்கு அடுக்குப் பெட்டியையே தேர்ந்தெடுப்பது நலம்.

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். அரை வேகத்தில் இரண்டு விசிறிகளை அருகருகே வைத்தால், காற்று முன்போலவே கிடைக்கும். இரைச்சல் 12 டெசிபல் அளவுக்குக் குறைந்தே இருக்கும். 10 டெசிபல் குறைந்தாலே ஒலி பாதியாகிவிட்டதாகச் செவி உணரும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும்.

செலவில்லாத வேலைகளிலிருந்து தொடங்குவோம். கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, மிகுதியாக இரைவது எது என்று கண்டறிய வேண்டும். பிறகு மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தூசியை அகற்ற வேண்டும். தூசி அடைந்த கருவி சூடேறும். வெப்பத்துக்கேற்ப வேகம் மாறும் விசிறி மேலும் விரைந்து சுழலும். ஊதித் துடைக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்க. விசிறியை இரும்புத் தகட்டோடு இறுக்கும் திருகாணிக்குப் பதில் ரப்பர் முளைகளைப் பொருத்தினால், அதிர்வு ரேக் முழுவதும் பரவாது. ரேக்கின் கால்களுக்கு அடியிலும் ரப்பர் வைக்கலாம்.

அடுத்தது இடம். பெரும்பாலான ஒலிவாங்கிகள் முன்புற ஒலியை நன்கு ஏற்று, நேர் பின்புற ஒலியை மிகக் குறைவாகவே ஏற்பவை. ஆகவே ரேக் ஒலிவாங்கியின் முதுகுப்புறத்தில் இருக்கட்டும். ஓதுபவர் ஒரு சாண் தொலைவில் அமர்ந்தால் குரல் வலுவாகப் பதியும். ரேக்கையே அடுத்த அறைக்கு மாற்ற முடிந்தால் அதனினும் சிறந்தது வேறில்லை. எக்ஸ்.எல்.ஆர் கேபிள் பல மீட்டர் நீளம் ஓடினாலும் குரல் கெடாது; யு.எஸ்.பி 2.0 கேபிளுக்கோ 5 மீட்டரே எல்லை. நாம் சுவரில் ஒரு துளையிட்டு, ரேக்கை நடைக்கு மாற்றிவிட்டோம். கோடையில் ஃபஜ்ருக்குப் பின்னுள்ள குளிர்ந்த வேளையில் பதிவு செய்கிறோம். அப்போது விசிறிகள் தாமாகவே மெதுவாகச் சுழல்கின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இரைச்சலை அடக்கக் கருவிகளின்மேல் போர்வை போர்த்துவதும், அவற்றைக் காற்றில்லா அலமாரியில் பூட்டுவதும் ஆபத்தானவை. 200 வாட் மின்சாரம் உண்ணும் ரேக் ஏறத்தாழ 200 வாட் வெப்பத்தை இடைவிடாது உமிழும். அலமாரியில் வைப்பதாயின், கீழே காற்று நுழையவும் மேலே வெப்பம் வெளியேறவும் வழி வேண்டும். ஆம்ப்ளிஃபயரைத் திறக்கும் வேலையை அறிந்த மெக்கானிக்கிடமே விட வேண்டும். மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சில கருவிகள், விசிறி மெதுவானால் பழுதென்று கருதி நின்றுவிடும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுக.

வேலை முடிந்ததும் ஒருவரும் பேசாமல் அரை நிமிடம் பதிந்து, அளவைப் பாருங்கள். ஒலிநூல்களுக்கான ஏ.சி.எக்ஸ் தளம், பின்னணி இரைச்சல் −60 டெசிபலுக்கு மேற்படக் கூடாது என்கிறது. நமக்கும் அது நல்ல உரைகல். அதைவிடச் சிறந்த உரைகல் ஒன்றும் உண்டு. அந்த இரண்டு 'கல்ப்'களையும் பதிந்து, எழுத்துத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்து, எது எது என்று கேளுங்கள். அப்பிள்ளை தயங்காமல் சொல்லிவிட்டால் அறை ஆயத்தமாகிவிட்டது.

ஆசிரியரின் வாயை நேரில் பார்க்க வாய்ப்பில்லாத மாணவருக்கு, செவியில் விழுவது ஒன்றே பாடம். அதை மாசின்றி அவரிடம் சேர்ப்பது நம்மீதுள்ள அமானிதம். அதற்கு விலையுயர்ந்த புதிய கருவிகள் தேவையில்லை. உள்ளதைச் செம்மை செய்தாலே பெரும்பாலும் போதும். அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.