கைம்மாறு கருதாத தொண்டு

விருந்தளிப்போர் கைம்மாறு செய்ய இயலாதவரை அழைக்க வேண்டும் எனக் கற்பித்தார் நம் ஆண்டவர். வாயில்லா உயிர்களுக்குச் செய்யும் தொண்டும் அவ்வகையினதே.

1959-இல் சென்னையில் பெருமழை. வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை விமானி சுந்தரம் மீட்டார். அவரும் துணைவியார் உஷாவும் தம் இல்லத்தில் தொடங்கிய பணியே புளூ கிராஸ் சங்கமாக வளர்ந்தது. விடுமுறையில் துறையூரிலிருந்து சென்னை செல்லும்போதெல்லாம் கிண்டியிலுள்ள அதன் காப்பகத்தில் நாங்களும் குடும்பமாகத் தொண்டாற்றுகிறோம். குளிப்பாட்டுவது, உணவிடுவது, கூண்டு கழுவுவது. இவ்வளவே எங்கள் பணி.

வண்டியில் அடிபட்டுக் காலிழந்த நாயொன்று எங்களைக் கண்டதும் மூலையில் ஒடுங்கியது. மூன்றாம் நாள் எங்கள் இளைய மகளின் கையிலிருந்து சோறு உண்டது. வீட்டில் நொடிப்பொழுதும் பொறுத்திராத பிள்ளை, அன்று அதனருகே ஒரு மணி நேரம் அசையாது அமர்ந்திருந்தாள். எங்கள் அறிவுரை எதுவும் கற்பிக்காத பொறுமை அது.

"மனிதர் பசித்திருக்க நாய்க்குச் சோறா?" என உறவினர் வினவுவர். இன்று அடுத்த வீட்டு நோயாளிப் பாட்டிக்கு நாள்தோறும் கஞ்சி கொண்டு செல்பவள் அவளே. இரக்கம் பகிர்ந்தால் குறைவதன்று; வளர்வது.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளான அக்டோபர் 4 வரை காத்திருப்பானேன்? வெயிலில் வாடும் உயிர்களுக்கு வாயிலில் ஒரு சட்டி நீர் வைப்போம். பிள்ளைகளின் கையால் வைப்போம்.