புளிச்சக்கீரை

அக்காவின் மொட்டைத் தலைக்குத் தயாராகித்தான் விமானம் ஏறினேன். அதைப் பார்க்கும்போது முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியும் வைத்திருந்தேன். ஸ்கார்பரோவில் அவள் வீட்டு பேஸ்மென்ட்டில், வெள்ளை விளக்கின் கீழ் வரிசையாக நின்ற நான்கு தொட்டிகளைப் பார்த்ததும் பழகி வைத்த முகம் கலைந்துவிட்டது.

"என்னக்கா இது?"

"கஞ்சா" என்றாள், கொத்தமல்லி என்று சொல்வதைப் போல.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் இது சட்டப்படி சரி. ஒன்டாரியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிவரை வளர்க்கலாம். எங்கள் ஊரில் ஒரு செடி வைத்திருந்தாலும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை தானாக பேஸ்மென்ட் கதவைச் சாத்தியது. கல்லூரியில் பெண்ணியம் பாடம் எடுக்கிறவள், 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் யார் பார்த்துவிடுவார்கள் என்று கதவைச் சாத்தினேன்?

கவிதை எழுதத் தொடங்கிய காலத்தில் இலக்கியக் கூட்டங்களுக்குப் போவேன். ராத்திரி மொட்டை மாடியில் ஆண் கவிஞர்கள் வட்டமாக உட்கார்ந்து புகைப்பார்கள். அவர்களுக்கு அது சிவமூலி, சித்தர் மரபு, கலகம். கீழே அறையில் தூங்கப் போன எங்களைப் பற்றி மறுநாள், "அவளும் அங்கதான் இருந்தாளாம்" என்று பேச்சு கிளம்பும். புகைத்தவனுக்குக் கவிஞன் என்ற பெயர் கூடும். அதே கட்டடத்தில் தூங்கியவளுக்கு வேறு பெயர். அன்று தலையில் ஏறிய பயம்தான் இன்று கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

அக்கா செவிலியர். நடவுக் கூலி வாங்கி அம்மா படிக்க வைத்த முதல் பிள்ளை. தஞ்சாவூரில் படித்து, மஸ்கட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்து, 34 வயதில் கனடா போனாள். அங்கே செவிலியராகப் பதிவு செய்ய அவள் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், தேர்வு எழுதச் சொன்னார்கள், பணம் கட்டச் சொன்னார்கள். நடுவில் கணவன் பிரிந்து போனான். கடைசியில் முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டித் துடைக்கும் உதவியாளராக நின்றுவிட்டாள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஊசி போடும் கையை ஊசி போட விடவில்லை. அதை ஒருநாளும் அவள் குறையாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை முடிந்து, கீமோவின் நான்காம் சுற்றில்தான் என்னை அழைத்தாள். அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையுடன்.

செடிகளைக் கொடுத்தவர் அவளோடு வேலை பார்க்கும் நியூஃபவுண்ட்லாந்துப் பெண்மணி. விதையில் முளைத்தவை அல்ல. ஒரு தாய்ச்செடியின் கிளை நுனிகளை வெட்டி, சிறு உருண்டைகளில் செருகி, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி போட்டு வேர் விட வைத்தவை. மூடிக்குள் இருந்தவரை பச்சைப்பசேலென்று இருந்தனவாம். நான் போவதற்கு முதல் நாள் அக்கா அவற்றை வாளி அளவு தொட்டிகளுக்கு மாற்றியிருக்கிறாள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, உரம் கலந்து, விளக்கை ஒரு முழ உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறாள். நான் பார்த்தபோது நான்கும் நனைந்த காகிதம்போல் தொங்கின. வாடுகிறதே என்று காலையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினாள்.

"பூ வர எவ்வளவு நாளாகும்?"

"மூணு மாசம், நாலு மாசம்."

"அதுக்குள்ள கீமோ முடிஞ்சிடுமே."

"முடிஞ்சிடும். வாந்திக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார். இது அதுக்கு இல்ல." கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூணு மாசம் கழிச்சு வர்ற ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்னு தோணுச்சு."

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அன்றிரவு ஒன்பது மணிக்கு அம்மா வீடியோவில் வந்தாள். ஊரில் காலை ஆறரை. குளிர் என்று சொல்லிக் காதுவரை கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு அக்கா பேசினாள். மே மாதத்தில் குளிர். பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து பேசியதால் பின்னால் தொட்டிகள் தெரிந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள்.

"அது என்னடி, புளிச்சக்கீரையா?"

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா சொன்னதில் தப்பில்லை. புளிச்சக்கீரைக்குத் தாவரவியலில் ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ் என்று பெயர். இலை கஞ்சா இலைபோல் விரல் விரலாகப் பிரிந்திருப்பதால் வைத்த பெயர்.

"ஆமாம்மா" என்றாள் அக்கா.

"ஏன் இப்படித் துவண்டு கெடக்கு? இன்னும் தண்ணிய ஊத்தாதடி. தொட்டியைத் தூக்கிப் பாரு, கனக்குதா? கனத்தா ஊத்தாத. வெளிச்சத்தைத் தள்ளி வை. உரம் போட்டியா? வேரு இல்லாததுக்கு எதுக்கு உரம்?"

நாற்பது வருஷம் சேற்றில் நின்றவளின் சொல். நாங்கள் அப்படியே செய்தோம்.

வெட்டி வைத்த கிளைக்கு முதலில் வேரே கிடையாது. பிறகு வருவதும் நூல் நூலாகச் சிலதுதான். மூடிக்குள் காற்று ஈரமாக இருந்தவரை இலை தண்ணீரை இழக்கவில்லை. வெளியே எடுத்ததும் இலை ஆவியாக விடுகிற அளவுக்கு வேரால் உறிஞ்சித் தர முடியவில்லை. கூடவே பேஸ்மென்ட்டில் ஈரப்பதத்தை உறிஞ்சும் இயந்திரம் வேறு இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. பெரிய தொட்டி நிறைய ஈர மண் இருந்தாலோ வேருக்குக் காற்று கிடைக்காது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு தாகத்தில் வாடுவது இப்படித்தான். இயந்திரத்தை நிறுத்தினோம். விளக்கை உயர்த்தினோம். தண்ணீர்ப் புட்டிகளின் அடியை வெட்டி ஒவ்வொரு செடிமீதும் கவிழ்த்து மூடினோம். மூன்றாம் நாளிலிருந்து காலையில் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வைத்து, தினம் அந்த நேரத்தைக் கூட்டினோம். அடி இலைகள் மஞ்சளானபோது அக்கா கிள்ளப் போனாள். நான் விடவில்லை. புதுத் துளிருக்கு வேண்டிய சத்தைச் செடி அந்தப் பழைய இலையிலிருந்துதான் உருவி எடுக்கிறது. மற்றபடி தொடாமல் இருப்பதுதான் பெரிய வேலை. வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்கத் துடிக்கும் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாண வீட்டில் பெண்ணை நாற்றோடு ஒப்பிட்டுப் பேசாத ஆள் உண்டா? ஒரு இடத்தில் வளர்ந்து இன்னொரு இடத்தில் வேர் பிடிக்கிறவள் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். அந்த உவமை எனக்கு எப்போதும் எரிச்சல். எங்கள் பக்கம் பெரும்பாலும் நாற்றுப் பறித்து முடிச்சு கட்டுவது ஆண்கள், குனிந்து நடுவது பெண்கள். நாற்று முத்திப்போனால் தூர் கட்டாது என்று அம்மா சொல்வாள். ஆழ நட்டால் திட்டுவாள். பச்சை பிடிக்கும்வரை வயலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். மேடையில் உவமை சொல்கிற எவரும் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. பெண்தான் வேர் பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லையென்றால் குறை அவளிடம். ஜனவரிப் பனியில் டொரன்டோவில் வந்து இறங்கிய என் அக்காவுக்கு எந்த மூடியும் யாரும் கவிழ்க்கவில்லை. நானுந்தான். அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வில் மும்முரமாக இருந்தேன்.

ஆய்வு என்றதும் ஞாபகம் வருகிறது. நற்றிணையின் 172ஆம் பாட்டைப் பற்றி ஒரு இயல் முழுக்க எழுதினேன். மகள் விளையாட்டாய் மணலில் புதைத்த விதை புன்னையாக முளைக்க, அது உன் தங்கை என்று தாய் சொல்கிற பாட்டு. மரத்தை உடன்பிறப்பாகப் பார்க்கும் மனம் பற்றி 40 பக்கம் எழுதிய அந்த வருஷத்தில் என் உடன்பிறப்புக்கு எத்தனை முறை போன் செய்தேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நான்கும் பெண் செடிகள். கஞ்சாவில் ஆண் தனி, பெண் தனி. வளர்ப்பவர்களுக்குப் பெண்தான் வேண்டும். விதை போட்டால் ஆணும் வரும் என்பதால்தான் பெண் செடியிலிருந்து கிளை வெட்டுகிறார்கள். ஆண் முளைத்தால் பிடுங்கி எறிகிறார்கள். உசிலம்பட்டிச் செய்திகளைப் படித்து வளர்ந்தவளுக்கு இதைக் கேட்க ஒரு நிமிஷம் குரூரமான சந்தோஷம் வந்தது. பிறகு அக்கா விளக்கினாள். மகரந்தம் படாத பெண் பூவில்தான் பிசின் அதிகம். தாய்ச்செடியைப் பூக்கவே விடாமல் தினம் 18 மணி நேரம் வெளிச்சத்தில் நிறுத்தி, வெட்டிக்கொண்டே இருப்பார்களாம். சந்தோஷம் போய்விட்டது.

ஐந்தாம் நாள் ஒரு செடியின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் பழுப்பாகி இளகிவிட்டது. முதலில் ஊற்றிய தண்ணீரின் வேலை. அக்கா அதைத் தூக்கிப்போட விடவில்லை, நாங்கள் தூங்கப் போகும்வரை அது அங்கேயே நின்றது. காலையில் பார்த்தால் தொட்டி மட்டும் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தது. எப்போது எழுந்து செய்தாளோ தெரியாது.

ஒன்பதாம் நாள் மற்ற மூன்றும் நிமிர்ந்திருந்தன. நுனியில் அரிசி அளவுக்கு வெளிர்ப் பச்சையில் துளிர். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அன்று காலை வாந்தி இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை.

அன்றிரவு அம்மா எடுத்த எடுப்பில், "புளிச்ச துளுத்துச்சா?" என்று கேட்டாள்.

அக்கா போனைத் திருப்பிக் காட்டினாள். அம்மா பார்த்தாள். "ஒண்ணைக் காணோமே."

"போயிடுச்சும்மா."

"சரி, மூணு நின்னுச்சே." பிறகு குரல் மாறியது. "இப்ப உன் மூஞ்சியைக் காட்டு. அந்தத் தொப்பியை எடு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையால் தடுத்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் சேவல் கூவியது. அம்மா அழவில்லை. என்ன வியாதி, எப்போதிலிருந்து, ஏன் சொல்லவில்லை, எதையும் கேட்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், "அங்க யாரு சமைக்கிறா?" என்றாள்.

"தங்கச்சிதாம்மா."

"அவளா? அவளுக்கு ரசமே வைக்கத் தெரியாதேடி" என்றாள் அம்மா. "போனை அவகிட்ட குடு."