ஒன்பது தாவல்

தினமும் மாலை நாலரை மணிக்கு அந்தப் பிரபஞ்சம் ஒருமுறை செத்துப் பிழைக்கும். லண்டனில் இருக்கும் சர்வருக்கு அது காலை பதினொரு மணி. பராமரிப்புக்காகச் சில நிமிடம் எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். திறந்ததும் கூட்டம் இருக்காது. அமெரிக்காவில் பாதிப் பேர் இன்னும் எழுந்திருக்க மாட்டார்கள், ஐரோப்பாவில் மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும். கொள்ளைக்காரர்களுக்கும் தூக்கம் உண்டு. சனிக்கிழமைகளில் ஃபில்டர் காபியோடு நான் சரக்கு ஏற்றிக் கிளம்பியது அந்த நேரத்தில்தான்.

ஈவ் ஆன்லைன் என்ற அந்த விளையாட்டை ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்து சிசிபி நிறுவனம் உருவாக்கியது. 2003 மே மாதம் வெளியானது. சீனாவுக்குத் தனி சர்வர். மற்ற உலகம் முழுவதற்கும் ஒரே வானம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள், வாசல்களால் ஒன்றோடொன்று கோத்தவை. ஒரு வாசலில் நுழைந்து அடுத்த மண்டலத்தில் வெளியே வருவதற்குத் தாவல் என்று பெயர். அங்கே புழங்கும் பணம் ஐஎஸ்கே. ஐஸ்லாந்தின் க்ரோனாவுக்கும் அதே மூன்றெழுத்துதான் குறியீடு. அந்த ஊர்க்காரர்களின் குறும்பு. நான் சொல்லப்போவது இந்த வானத்தில் ஜிட்டாவிலிருந்து அமார் வரை ஓடிய ஒரே ஒரு சாலையை. மொத்தம் ஒன்பது தாவல்.

ஜிட்டாவின் நான்காம் கோளின் நான்காம் நிலவில் கால்டாரி என்ற நாட்டின் கடற்படை நிலையம் ஒன்று இருக்கிறது. விளையாட்டின் கோயம்பேடு அதுதான். இங்கே சந்தை வர வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. முதலில் யூலாய் என்ற இடத்தில்தான் கூட்டம் கூடியது. யூலாய்க்குப் போகும் நெடுஞ்சாலைகளை 2004-இல் நிறுவனமே எடுத்துவிட, வியாபாரிகள் இடம் பெயர்ந்து கடைசியில் ஜிட்டாவில் குவிந்தார்கள். துப்பாக்கிக் குண்டு முதல் போர்க்கப்பல் வரை எல்லாம் இங்கே கிடைக்கும், ஏமாற்றுக்காரர்கள் உட்பட. 'நீ அனுப்பும் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்' என்று அரட்டைப் பெட்டியில் இரவு பகலாகக் கூவுவார்கள். விதிப்படி அது குற்றமில்லை. நம்பினால் நம் பாடு.

இங்கே கலவரமும் நடந்திருக்கிறது. 2011 ஜூனில், விளையாட்டுக்குள் ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்றை அறுபது டாலருக்கு மேல் விலைபோட்டு விற்றார்கள் என்று கொதித்த ஆட்டக்காரர்கள் ஜிட்டாவில் திரண்டு அங்கிருந்த சிலையைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சிலை எத்தனை சுட்டாலும் உடையாது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஒருவர் எழுபத்து நான்கு பிளெக்ஸை, அதாவது நிஜக் காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு நேரத்தை, கெஸ்ட்ரல் என்ற தகர டப்பாக் கப்பலில் வைத்துக்கொண்டு இதே ஜிட்டாவில் திரிந்தார். சுட்டுவிட்டார்கள். ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சரக்கு ஒரு நொடியில் ஆவி. சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கதைதான் பாலபாடம்: எதில் ஏற்றுகிறாய், எவ்வளவு ஏற்றுகிறாய்.

முதல் தாவலில் பெரிமீட்டர். ஜிட்டாவின் வரி கட்டுப்படியாகாதவர்களுக்காக ஆட்டக்காரர்களே கட்டிய நிலையங்கள் இங்கே எழுந்தன. தொலைதூர எல்லைகளில் ஒருவர் கப்பலை ஒருவர் கொளுத்தும் பெரிய கூட்டணிகளே இங்கே கூட்டு வைத்துச் சந்தை நடத்தி லாபத்தைப் பங்கு போட்டதுண்டு. சண்டை சண்டைதான், கல்லா கல்லாதான்.

அடுத்து உர்லென், சிர்ப்பலா, இனாரோ. இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர்களில் ஃபின்லாந்து மொழியின் சாயல் அடிக்கும், கால்டாரி ஊர்கள் அப்படித்தான். விக்கிரவாண்டியைத் தாண்டிய பிறகு பஸ்ஸில் கண் அசருமே, அந்த மாதிரி இடம். ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போகலாம். போயிருக்கிறேன்.

காபுடேனனில் அப்படி முடியாது. துணைக்கு வரும் நண்பன் என்னை அங்கே நிறுத்திவைப்பான். அவன் மதுரைக்காரன், கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன். சின்னக் கப்பலில் ஒரு தாவல் முன்னால் போய் எட்டிப் பார்ப்பான். லோக்கல் என்ற பட்டியலில் அந்த மண்டலத்தில் இருப்பவர்கள் தெரிவார்கள், பகைவர்கள் சிவப்பில். போனில் குரல் வரும்.

"மாப்ள, லோக்கல்ல ஒரு இருபது பேரு சிவப்பா கிடக்கான்."

"வாசல்லயாடா?"

"வாசல்ல ஒருத்தன் சும்மா சுத்திக்கிட்டிருக்கான். அவன்தான் வேவு. நீ அங்கயே கெட."

அவன் எட்டிப் பார்த்த இடம்தான் நியார்ஜா, ஆறாவது தாவல். வானத்தில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு மதிப்பெண் உண்டு. ஜிட்டாவும் அமாரும் ஒன்றை ஒட்டியவை, நியார்ஜா அப்போது வெறும் 0.5. சட்டம் இருக்கிற பகுதியில் அதுதான் கடைசிப் படி. அந்தப் பகுதியில் அநியாயமாக ஒருவரைச் சுட்டால் கன்கார்டு என்ற காவல்படை வந்து சுட்டவரை அழித்தே தீரும், தப்பவே முடியாது. ஆனால் 0.5-இல் அது வந்து சேர இருபது நொடி பிடிக்கும். அந்த இருபது நொடியை வைத்துத்தான் அங்கே ஒரு தொழிலே நடந்தது. மலிவான காட்டலிஸ்ட் கப்பல்களில் இருபது முப்பது பேர் சேர்ந்து வந்து ஃப்ரைட்டர் என்ற பெரிய சரக்குக் கப்பல் ஒன்றை அடிப்பார்கள். ஃப்ரைட்டரின் கூடு மட்டுமே நூறு கோடி ஐஎஸ்கேக்கு மேல். காவல்படை வந்து அவர்கள் அத்தனை பேரையும் கொன்றுவிடும். அதுவும் அவர்கள் கணக்கில் எழுதிய செலவுதான். உடைந்த கப்பலிலிருந்து சரக்கில் ஏறக்குறைய பாதி தப்பும். அதை அள்ள வேறொருவன் ஓரமாகக் காத்திருப்பான்.

நான் ஓட்டியதும் ஃப்ரைட்டர்தான். அது ஆமை. திரும்பி வேகமெடுக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், உச்ச வேகத்தில் முக்கால் பங்கை எட்டினால்தான் அடுத்த வாசலுக்குப் பாயும். அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தோம். நண்பன் எனக்குச் சண்டை அழைப்பு அனுப்புவான், நான் சம்மதிப்பேன். இப்போது அவன் என்னைத் தாக்கலாம், காவல்படை கேட்காது. உடனே என் மேல் வலை வீசுவான். எதிரி ஓடாமல் இருக்க அவன் வேகத்தைக் குறைக்கும் ஆயுதம் அது. என் உச்ச வேகம் சட்டென்று சரிந்ததும், ஏற்கெனவே இருக்கிற வேகமே முக்கால் பங்கைத் தாண்டிவிடும். கப்பல் அந்த நொடியே பாய்ந்துவிடும். காலைக் கட்டினால் ஓட்டம் கூடும் இந்த அதிசயத்தை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவருக்குச் சிலை வைக்கலாம்.

நண்பன் வராத ஒரு சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். வாசலைத் தாண்டி வெளியே வந்தால் நகராத வரை ஒரு நிமிடம் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டோம். அந்த ஒரு நிமிடம் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். பிறகு நகர்ந்தேன். பெரிய கப்பல் ஒன்று வந்து இடித்தது. திரும்பவிடாமல் இடித்துக்கொண்டே இருந்தது. இடிப்பது விதிப்படி தாக்குதல் இல்லை, அதனால் காவல்படை வராது. பிறகு திரையில் காட்டலிஸ்ட்டுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. எண்ணி முடிப்பதற்குள் நான் முட்டை வடிவக் கூட்டில் மிதந்துகொண்டிருந்தேன். இந்த விளையாட்டில் விமானி சாவதில்லை, குளோன் உடம்பில் எங்கோ கண் விழிப்பார். போவது கப்பலும் சரக்கும்தான். முடிந்ததும் அரட்டையில் 'நல்ல சண்டை' என்று எழுதுவது மரபு. எழுதினார்கள். நான் சண்டையே போடவில்லை.

அப்போதும் சாலை இருந்தது. கொள்ளை நடக்கிற சாலை ஓடுகிற சாலைதான்; பணம் புழங்காத இடத்தில் யார் நிற்பார்கள்? அதை அறுத்தது வேறொரு போர்.

2018 மே மாதம் ட்ரிக்லாவியர்கள் கதைக்குள் வந்தார்கள். பாதாள வெளியில் வேறு வழியில் வளர்ந்த கூட்டம். மூன்று தலை ஸ்லாவியக் கடவுளின் பெயரைத் தழுவிய பெயர், பேச்சும் புதிர்தான். ஓராண்டு கழித்துப் படையெடுத்தார்கள். எதிர்க்க அந்த வானத்தின் நான்கு பேரரசுகளும் காவல்படையும் சேர்ந்து ஈடன்காம் என்ற கூட்டுப்படையை அமைத்தன. 2020 மே கடைசியில் மூன்றாம் கட்டம் தொடங்கியபோது நிறுவனம் ஒரு காரியம் செய்தது: எந்த மண்டலம் யாருக்கு என்பதைக் கதாசிரியர்கள் முடிவு செய்யவில்லை, ஆட்டக்காரர்களிடமே விட்டார்கள். ஒரு பக்கத்துக் கப்பல்களைச் சுட்டால் மறு பக்கத்தின் பிடி ஏறும். ஈடன்காம் வென்றால் அந்த மண்டலம் கோட்டை. ட்ரிக்லாவியர் வென்றால் அதன் சூரியன் அவர்களுக்கு, காவல்படை விலகிவிடும், மதிப்பெண் பாதாளத்துக்கு இறங்கும்.

ட்ரிக்லாவியர்களுக்கு நியார்ஜா மற்றதைப் போல ஒரு மண்டலம், அவ்வளவுதான். அவர்கள் பக்கம் சேர்ந்த ஆட்டக்காரர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எந்த நரம்பை அறுத்தால் எது மரத்துப்போகும் என்று அறிந்து, அதையே குறிவைத்தார்கள். ஈடன்காம் பக்கமும் விடவில்லை. சரக்கு ஏற்றுகிறவர்கள், சுரங்கம் தோண்டுகிறவர்கள், வாழ்நாளில் துப்பாக்கி தொடாதவர்கள் எல்லாம் காக்க ஓடினார்கள். ட்ரிக்லாவியர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னோடு அதே சந்தையில் குண்டு வாங்கி, அதே சாலையில் ஏற்றிவந்து, அந்தச் சாலையை அறுக்கப் பயன்படுத்தியவர்கள் மேல்தான் வந்தது. அப்படி ஒருவரிடம் ஏன் என்று அரட்டையில் கேட்டேன். "உலகம் மாறுவதைப் பார்க்க வேண்டாமா?" என்றார். நியாயமான பதில்தான். பதினேழு ஆண்டுகளாக நிறுவனம் மட்டுமே தொட்ட வரைபடத்தை ஆட்டக்காரன் கை மாற்றியது அது. கூலிக்குச் சரக்கு ஏற்றுகிறவனுக்கு அந்த நியாயம் செரிக்காது.

அது ஊரடங்குக் காலம். இ-பாஸ் இல்லாமல் செங்கல்பட்டைத் தாண்ட முடியாது. வீட்டில் முடங்கிக் கிடந்த எனக்கு ஓடுவதற்கு மீதியிருந்தது அந்த ஒன்பது தாவல் மட்டும்தான். நியார்ஜா விழுந்தது. கொஞ்ச நாள் வாசல்கள் அப்படியே இருந்தன, காவல்தான் இல்லை. அக்டோபரில் அதுவும் போயிற்று. விழுந்த இருபத்தேழு மண்டலங்களையும் பிய்த்தெடுத்து, போச்வென் என்ற தனி நாடாக ஒன்றோடொன்று கோத்துவிட்டார்கள். ஸ்லாவிய மொழிகளில் மண் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். பழைய அண்டை ஊர்களுக்கு நேரடி வழி கிடையாது. காபுடேனனிலிருந்து எட்டிப் பார்க்க அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

நியார்ஜா விழுந்த மறுநாள் ஜிட்டாவில் உட்கார்ந்து சேருமிடம் அமார் என்று போட்டேன். வழியிலுள்ள ஒவ்வொரு மண்டலத்துக்கும் திரையோரம் ஒரு குட்டிச் சதுரம் வரும். வழக்கமாக ஒரே வரியில் அடங்கிவிடும் சதுரங்கள் இப்போது மடங்கி மடங்கி இறங்கின. பாதுகாப்பான வழியில் நாற்பத்தைந்து தாவல். போனில் மதுரைக்காரன் எண்ணிக்கொண்டே வந்தான், பாதியில் விட்டுவிட்டான்.

"இதுக்கு என்னடா கூலி கேப்ப?"

"யாரு குடுப்பா?"

ஆனாலும் போனோம், ஒரே ஒரு தடவை, இரண்டு சனிக்கிழமையாகப் பிரித்து. அதை எழுதினால் இந்தக் கட்டுரையைவிட நீளும், அதன் சுவாரசியம் பத்து வரிக்குத் தாங்காது. கடைசியில் பழைய சாலையின் மறுகரையைத் தொட்டோம். மதிர்மிலிரே ஏழாவது தாவலாக இருந்த ஊர். அதுவும் 0.5தான், அங்கேயும் அடிப்பார்கள். நியார்ஜாவிலிருந்து தப்பி வந்தவர்கள் பெருமூச்சு விட்டு அசந்த நேரத்தில் அடி வாங்கிய இடம். நாங்கள் போனபோது வாசலில் ஒருவரும் இல்லை. கொள்ளைக்காரர்கள்கூட இல்லாத அந்த வாசலைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

அஷாபைத் தாண்டினால் அமார். எதைக் கட்டினாலும் பொன்முலாம் பூசும் பேரரசு. கப்பலும் பொன், நிலையமும் பொன். மின்மதார் இனத்தவரை அடிமையாக்கிய நாடும் இதுதான், முலாம் அதை மறைக்காது. இங்கே ஒரு விசித்திரம் உண்டு: 2016-இல் அரியணை யாருக்கு என்பதை ஆட்டக்காரர்களின் போட்டி ஒன்றுதான் முடிவு செய்தது, கதிஸ் பேரரசியானார். எட்டாம் கோளில் அரச குடும்பத்து அகாதமி நிலையம். தெற்கத்திச் சந்தை முழுக்க அதற்குள்தான்.

சரக்கை இறக்கினேன். விலை நல்ல விலைதான். இரண்டு சனிக்கிழமைக் கூலியைக் கழித்தால் ஒன்றுமில்லை. கிடங்கைத் திறந்தபோது, ஜிட்டாவுக்குத் திரும்பக் கொண்டுபோக என்று மார்ச் மாதம் வாங்கி அடுக்கிவைத்த சரக்கு ஒரு மூலையில் இருந்தது. தூசி படியாத உலகம் அது, வாங்கியபடியே இருந்தது. மதுரைக்காரன் கேட்டான், ஏத்தலயா என்று. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.